மைலேஜ் திடீரென்று குறைந்தால்: கார்புரேட்டரைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி, ஒரே மாதத்தில் 48க்கு வந்துவிட்டால் நம்மில் பலர் நேராகப் பட்டறைக்குப் போய், "மைலேஜ் வரவில்லை, கார்புரேட்டரைக் கொஞ்சம் பாருங்கள்" என்கிறோம். மெக்கானிக்கும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அந்தப் பாகத்தில், கலவையை மாற்றும் ஏர் ஸ்குரூவை அரைச் சுற்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். கோளாறு உண்மையில் பின் பிரேக்கில் இருந்திருந்தால், அது அப்படியே இருக்கும். சரியாக இருந்த கார்புரேட்டரும் இப்போது கலைந்துவிட்டிருக்கும். அடுத்த முறை வரும்போது எது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிஸ்டன் ரிங் தேய்வது, கார்புரேட்டர் ஊசியும் அதன் துளையும் தேய்வது, வால்வு இடைவெளி மாறுவது எல்லாம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களில் மெல்ல நடப்பவை. அவற்றால் மைலேஜும் மெல்லத்தான் இறங்கும். ஒன்றிரண்டு டேங்க் பெட்ரோலுக்குள் சட்டென்று இறங்கினால், அதற்குச் சற்று முன் வண்டிக்கு ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்று பொருள். அந்த ஒன்றைத் தேடுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. இங்கே சொல்பவை பெரும்பாலும் ஸ்ப்ளெண்டர் போன்ற 100 முதல் 125 சிசி வரையிலான அன்றாட வண்டிகளுக்கானவை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது இந்த வகை வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டரை விட்டு, மின்னணு முறையில் பெட்ரோலை அளந்து தெளிக்கும் ஃப்யூல் இஞ்செக்‌ஷனுக்கு மாறின. ஆனால் கீழே வரும் சோதனைகளில் பாதிக்கு மேல் இரண்டுக்கும் பொதுவானவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

முதல் படி: குறைந்தது உண்மையா?

"எப்படி அளந்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "200 ரூபாய்க்குப் போட்டால் ஒரு வாரம் வரும், இப்போது ஐந்தாம் நாளே ரிசர்வ் விழுகிறது" என்பதுதான். சந்தேகப்பட இது போதும், முடிவெடுக்கப் போதாது. ரிசர்வுக்கு மாறும் இடம் வண்டி ஏற்றத்தில் போகிறதா, சாய்ந்து நிற்கிறதா என்பதைப் பொறுத்து மாறும். பெட்ரோல் முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது தோராயமாகக் காட்டுவதற்காக வைத்தது.

சரியான அளவுக்கு ஒரே வழி, டேங்கை ஒரே அடையாளம் வரை இரண்டு முறை நிரப்புவது. பங்க்கில் சமதளமான இடத்தில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். டேங்க் வாயின் உள்ளே இறங்கும் குழலின் அடி விளிம்பை பெட்ரோல் தொடும் வரை நிரப்பச் சொல்லுங்கள். ட்ரிப் மீட்டர் இருந்தால் பூஜ்யமாக்குங்கள். இல்லையென்றால் ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான பாதையில், வழக்கமான வேகத்தில் குறைந்தது 250 கிலோமீட்டர் ஓட்டுங்கள். அதே பங்க்கில், அதே இடத்தில், அதே விளிம்பு வரை மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் கிடைப்பதுதான் மைலேஜ். 281 கிலோமீட்டர் ஓடி 5.40 லிட்டர் பிடித்தால் 52.

ஏன் 250 கிலோமீட்டர்? எவ்வளவு கவனமாக நிரப்பினாலும் 200 மில்லி முன்பின் ஆகிவிடும். ஒரு லிட்டர் மட்டும் போட்டு அளந்தால் அந்த 200 மில்லியே 20 சதவீதத் தவறு. ஐந்தரை லிட்டரில் அது நான்கு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஒரு லிட்டர் சோதனையில் கிடைத்த எண்ணை நம்பிப் பட்டறைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இதற்காக டேங்கைக் கழுத்து வரை முட்ட முட்ட நிரப்பவும் கூடாது. அண்மைக்கால வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கக் கரி நிரப்பிய ஒரு டப்பா இருக்கிறது. டேங்க் வழிய நிரப்பினால் ஆவி போக வேண்டிய குழாயில் பெட்ரோலே இறங்கி அந்தக் கரியை நனைத்துவிடும்.

எந்த எண்ணோடு ஒப்பிடுவது என்பதும் முக்கியம். நிறுவனம் விளம்பரத்தில் சொல்லும் எண் ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. உங்கள் வண்டி, உங்கள் பாதையில் முன்பு கொடுத்ததுதான் உங்களுக்கான அளவுகோல். இதுவரை அளந்ததில்லை என்றால் இன்று எடுக்கும் எண்ணைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கிலோமீட்டரையே சந்தேகப்படுங்கள். இதை யாரும் செய்வதில்லை. கேபிள் வைத்த வேகமானியில் முன் சக்கரத்தில் இருக்கும் சிறு பல்சக்கரம்தான் தூரத்தை எண்ணுகிறது. முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது அது ஹப்பின் காடியில் சரியாக உட்காராமல் போவதுண்டு. கேபிளும் விட்டுவிட்டுச் சுழலுவதுண்டு. அப்போது வண்டி ஓடும், தூரம் ஏறாது. மைலேஜ் குறைந்ததாகக் கணக்கு காட்டும். வேகமானி முள் நடுங்கினாலோ, ஓடும்போதே அவ்வப்போது பூஜ்யத்துக்கு விழுந்தாலோ இதுதான் காரணமாக இருக்கும். நெடுஞ்சாலை கிலோமீட்டர் கற்களோடு அல்லது செல்பேசி வரைபடத்தோடு ஒரு பத்து கிலோமீட்டர் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்துக்கு ஒன்பதுதான் மீட்டர் காட்டுகிறது என்றால், உங்கள் பத்து சதவீத இழப்பு வெறும் எண்ணில் மட்டும் இருக்கிறது.

பங்க் அளவில் சந்தேகம் இருந்தால் அதையும் அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரம் இருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரைதான் கூடுதல் குறைவு அனுமதி. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது; புகார் அங்கே போக வேண்டும். ஆனால் தொடர்ந்து ஒரே பங்க்கில் போடுபவராக இருந்து, அங்கே எதுவும் மாறாத நிலையில் மைலேஜ் விழுந்திருந்தால், முதலில் உங்கள் வண்டியைப் பாருங்கள்.

இரண்டாம் படி: அதற்கு முன் என்ன நடந்தது?

ஒரு தாள் எடுத்துக்கொண்டு கடந்த இரண்டு மாதத்தை எழுதுங்கள். பங்க்சர் போட்டீர்களா? எந்தச் சக்கரம்? டயர் மாற்றினீர்களா? சர்வீஸுக்கு விட்டீர்களா? பிரேக் ஷூ, செயின் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), கிளட்ச் பிளேட், ஆயில் இவற்றில் எது மாறியது? மழைத் தண்ணீரில் வண்டி போனதா? வேலை இடம் மாறியதா, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவரத் தொடங்கினீர்களா, மெட்ரோ பணியால் பாதை சுற்றிப் போகிறதா? மைலேஜ் விழுந்த நாளுக்கு மிக அருகில் எது இருக்கிறதோ அதிலிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும். சர்வீஸ் முடிந்த மறுவாரம் மைலேஜ் விழுந்திருந்தால், சர்வீஸில் கை வைத்த ஒவ்வொரு இடத்தையும் பாருங்கள். "இப்போதுதானே சர்வீஸ் செய்தோம், அதில் இருக்காது" என்று எண்ணுவது தவறு. அதில்தான் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

ஓட்டும் பழக்கத்தில் வந்த மாற்றத்தையும் நேர்மையாக எழுதுங்கள். இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, மறுபடி குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி இரண்டு கிலோமீட்டர் ஓட்டும் வண்டி, ஒரே மூச்சில் இருபது கிலோமீட்டர் போகும் வண்டியைப் போல மைலேஜ் கொடுக்காது. மணிக்கு 45 கிலோமீட்டரில் போன சாலையில் இப்போது 70இல் போனாலும் அப்படித்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தைவிட வேகமாக ஏறும். இவை காரணமாக இருந்தால் எந்தப் பட்டறையும் திருத்த முடியாது.

பெட்ரோலில் எத்தனால் என்பதால்தானா?

இந்தக் கேள்வி இப்போது எல்லோரிடமும் இருப்பதால் தனியாகச் சொல்லிவிட வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025க்குள் நாடெங்கும் பரவியது. எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஆக 10 சதவீதக் கலப்பிலிருந்து 20 சதவீதத்துக்கு மாறும்போது லிட்டருக்கான ஆற்றல் மூன்றரை சதவீத அளவில் குறையும். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையும், 10 சதவீதக் கலப்புக்குச் சீரமைத்த இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீத இழப்பு இருக்கும் என்றே கணித்தது.

60 கொடுத்த வண்டி இதனால் 58க்கு இறங்கும். 48க்கு இறங்காது. மீதிப் பத்து கிலோமீட்டருக்கான காரணம் வண்டியில் இருக்கிறது. எத்தனால் மீது எல்லாப் பழியையும் போட்டுவிட்டு, உரசிக்கொண்டிருக்கும் பிரேக்கோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்களைப் பார்க்கும்போது உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. எத்தனால் வேறு வழியில் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு: பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள். அதைக் கீழே பார்ப்போம்.

மூன்றாம் படி: உருட்டிப் பார்க்கும் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். பெட்ரோல் இரண்டு வழிகளில் வீணாகலாம். எஞ்சின் தேவைக்கு மேல் குடிக்கலாம். அல்லது எஞ்சின் சரியாகக் குடித்தும், உருள வேண்டிய சக்கரத்தை ஏதோ ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டிருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதித் தேடல் முடிந்தது.

அதிகாலையில் வாகனம் வராத, சமதளமான, நேரான சாலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பத்து நிமிடம் ஓட்டி வண்டி சூடான பிறகு, மணிக்கு 30 கிலோமீட்டரில் ஒரு மின்கம்பத்தைத் தாண்டும்போது நியூட்ரலுக்கு மாற்றி, பிரேக் தொடாமல் வண்டியைத் தானாக நிற்க விடுங்கள். நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, எதிர்த்திசையிலும் அதையே செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத சாய்வும் காற்றும் இதனால் சரிக்கட்டப்படும். நண்பரிடம் அதே மாதிரி வண்டி இருந்தால் அதையும் ஓட்டி ஒப்பிடுங்கள். வண்டி மெதுவாக, நீண்ட தூரம் உருண்டு நிற்க வேண்டும். யாரோ பின்னாலிருந்து பிடித்ததுபோல் நின்றுவிட்டால் கோளாறு சக்கரம், பிரேக், செயின் பக்கம். நன்றாக உருண்டால் எஞ்சின் பக்கம் போகலாம்.

இந்தத் தூரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கைத் திருத்திய பிறகு அதே இடத்தில் மறுபடி உருட்டிப் பார்த்தால், பெட்ரோல் தீரும் வரை காத்திராமலே பலன் தெரிந்துவிடும்.

நான்காம் படி: பிரேக், காற்று, செயின்

அன்றாட வண்டிகளில் மைலேஜ் திடீரென்று விழுவதற்கு என் கணிப்பில் முதல் குற்றவாளி பின் பிரேக்தான். பங்க்சர் கடையில் பின் சக்கரத்தைக் கழற்றுவதற்காக பிரேக் ராடின் நட்டைக் கழற்றுகிறார்கள். திரும்ப மாட்டும்போது, "பிரேக் நன்றாகப் பிடிக்கட்டும்" என்று ஒன்றிரண்டு சுற்று கூடுதலாக முறுக்கிவிடுகிறார்கள். வண்டி ஓடும், ஆனால் பிரேக் ஷூ, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை விட்டு முழுதாக விலகாது. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கொஞ்சம் பெட்ரோல் அங்கே சூடாக மாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

சோதிப்பது எளிது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். செயினுக்குள்ளும் ஸ்போக்ஸுக்குள்ளும் விரல் போகாமல் டயரைப் பிடித்துச் சுற்ற வேண்டும். செயின் இழுவை இருப்பதால் பின் சக்கரம் முன் சக்கரம்போல நெடுநேரம் சுற்றாது. ஆனால் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். சர்ரென்ற உரசல் ஒலியோடு அரைச் சுற்றில் நிற்கக் கூடாது. பிறகு பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டிரம்முக்கு அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். உடனே தொட வேண்டாம், சுட்டுவிடும். வெப்பம் வீசினால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. மிதியில் விளையாட்டு, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் மிதி இறங்கும் வெற்றுத் தூரம், பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நட்டைத் தளர்த்தி அதைச் சரிசெய்யலாம். தளர்த்தியும் உரசினால் உள்ளே ஷூவை விரிக்கும் பிரேக் கேம் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்க வேண்டும். மழைக்காலத்துக்குப் பிறகு இது அதிகம்.

முன்னால் டிஸ்க் பிரேக் என்றால் காலிப்பர் நகரும் ஊசிகள் காய்ந்து இறுகியிருக்கலாம். பிரேக்கை அழுத்தி விட்டபின் சக்கரம் சுதந்திரமாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். டிஸ்க்கில் பேடு லேசாகத் தொடும் ஒலி இயல்பு. கையால் சுற்ற முடியாத இறுக்கம் இயல்பல்ல. இதை நீங்களே கழற்ற முயல வேண்டாம்.

அடுத்து டயர்க் காற்று. ஸ்ப்ளெண்டர் வகை வண்டியில் முன்னால் 25, பின்னால் தனியாகச் செல்லும்போது 28 பிஎஸ்ஐ என்ற அளவில் இருக்க வேண்டும். பின்னால் ஆள் ஏறினால் பின் சக்கரத்துக்கு இன்னும் கூடுதல். உங்கள் வண்டிக்கான சரியான அளவு வண்டியிலேயே ஸ்டிக்கராகவும், உரிமையாளர் கையேட்டிலும் இருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "காற்று இருக்கிறது" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். 28க்கும் 18க்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. டயர் குளிர்ந்திருக்கும்போது மீட்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும். வாரம் ஒரு முறை காற்று இறங்கினால் சிறு பங்க்சரோ, கசியும் வால்வோ இருக்கிறது.

செயினில் தளர்வைவிட இறுக்கம்தான் மைலேஜுக்குக் கேடு. தளர்ந்த செயின் சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இறுகிய செயின் அமைதியாகப் பெட்ரோலையும் பேரிங்கையும் தின்னும். இந்த வகை வண்டிகளில் செயினின் நடுப்பகுதி மேலும் கீழும் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் தளர்வாகவும் ஓரிடத்தில் இறுக்கமாகவும் இருந்தால் செயின் மாற்றும் காலம் வந்துவிட்டது. செயினைப் பரிசோதிக்கும்போது எஞ்சின் ஓடக் கூடாது, விரல் போய்விடும். பின் ஆக்சிலின் இரு பக்கமும் உள்ள அடையாளக் கோடுகள் ஒரே எண்ணில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லையென்றால் சக்கரம் கோணலாக ஓடுகிறது.

செயின் செட் மாற்றிய பிறகு விழுந்திருந்தால் ஸ்பிராக்கெட் பற்களை எண்ணுங்கள். முன்னால் 14 பல் இருக்க வேண்டிய வண்டியில் 13 பல் போட்டுவிட்டால், அதே தூரத்துக்கு எஞ்சின் 7 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகச் சுழலும். பழைய ஸ்பிராக்கெட்டை வாங்கி வைத்திருப்பவர்கள் இதில் பிழைத்துக்கொள்வார்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: பெட்ரோல் எங்கேயாவது ஒழுகுகிறதா?

இரவு சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தும்போது கார்புரேட்டருக்கு நேர் கீழே ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் ஈரமோ, மஞ்சள் கறையோ, பெட்ரோல் நெடியோ இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. பெட்ரோல் விரைவில் ஆவியாகிவிடும் என்பதால் சொட்டு தெரியாவிட்டாலும் கறை தெரியும். டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் பெட்ரோல் காக், ரப்பர் குழாயின் இரு முனைகள், கார்புரேட்டர் கிண்ணத்தின் விளிம்பு, கீழே தொங்கும் ஓவர்ஃப்ளோ குழாய் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தீக்குச்சி, லைட்டர், எரியும் சிகரெட் எதுவும் அருகில் வரக் கூடாது; செல்பேசி விளக்கைக்கூட வண்டிக்கு அருகில் வராமல் தள்ளிப் பிடியுங்கள்.

எத்தனால் கலப்புக்காகச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்கள் காலப்போக்கில் இறுகி, முனைகளில் வெடிக்கும். குழாயை மெல்ல வளைத்துப் பார்த்தால் மெல்லிய கீறல்கள் தெரியும். புதுக் குழாய் விலை குறைவு. ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டாம். ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டினால், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய கார்புரேட்டரின் ஃப்ளோட் ஊசி சரியாக அடைக்கவில்லை. பெரும்பாலும் டேங்கிலிருந்து வந்த தூசி அதில் சிக்கியிருக்கும். அதைச் சரிசெய்யும் வரை ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பெட்ரோல் காக்-ஐ மூடிவிடுங்கள்.

ஃப்யூல் இஞ்செக்‌ஷன் வண்டியில் குழாயில் அழுத்தத்தோடு பெட்ரோல் இருக்கும். அங்கே கசிவு நெடி வந்தால் ஓட்டாமல் சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: கிளட்ச்

வண்டி நன்றாக உருள்கிறது, கசிவும் இல்லை, ஆனால் ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, வேகம் வரவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. கடைசி கியரில் மணிக்கு 40இல் போகும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுதாகத் திருப்புங்கள். எஞ்சின் ஒலியும் வேகமும் ஒன்றாக ஏற வேண்டும். ஒலி முன்னே ஓடி வேகம் பின்தங்கினால் நழுவல் உறுதி. கிளட்ச் பிளேட்டைப் பற்றிப் பேசும் முன் கைப்பிடியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் விளையாட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிளை இறுக்கமாக வைத்துவிட்டால் புது பிளேட்டும் நழுவும். ஆயில் மாற்றிய பிறகு தொடங்கியிருந்தால் ஆயில் டப்பாவைப் பாருங்கள். இந்த வண்டிகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி ஓடுகிறது. அதனால் ஜாசோ எம்ஏ என்ற குறியீடு உள்ள இருசக்கர வண்டி ஆயில்தான் ஊற்ற வேண்டும். உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் உள்ள கார் ஆயில் பிளேட்டை வழுக்க வைத்துவிடும்.

ஏழாம் படி: இப்போது எஞ்சின் பக்கம்

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக் முழுதாகத் திரும்பியிருக்கிறதா என்பது முதல் கேள்வி. கார்புரேட்டர் வண்டியில் காலையில் இழுத்த சோக் பாதியில் நின்றுவிட்டால் நாள் முழுதும் எஞ்சின் கூடுதல் பெட்ரோல் குடிக்கும். கேபிள் வைத்த சோக் என்றால் நெம்புகோல் திரும்பினாலும் உள்ளே கேபிள் சிக்கியிருக்கலாம்.

பிறகு ஏர் ஃபில்டர். கார்புரேட்டர் வண்டியில் காற்று அடைபட்டால் கலவையில் பெட்ரோல் பங்கு கூடும். இதில் ஒரு பெரிய தவறு தொடர்ந்து நடக்கிறது: ஸ்ப்ளெண்டர் போன்ற பல வண்டிகளில் இருப்பது எண்ணெய் பூசிய காகித ஃபில்டர். அதைத் தட்டியோ, காற்றடித்தோ, பெட்ரோலில் கழுவியோ சுத்தம் செய்யக் கூடாது; உரிய காலத்தில் மாற்றத்தான் வேண்டும். கழுவித் திரும்ப மாட்டினால் சில நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். தூசி உள்ளே போய்ச் சிலிண்டரைத் தேய்க்கும். ஸ்பாஞ்ச் வகை வேறு, அதைக் கழுவலாம். உங்கள் வண்டியில் எது என்று கையேட்டில் பாருங்கள். வாட்டர் சர்வீஸுக்குப் பிறகு மைலேஜ் விழுந்திருந்தால் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

ஸ்பார்க் பிளக், எஞ்சினுக்குள் நடப்பதைக் கண்ணால் காட்டும் ஒரே பாகம். பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, நெடுநேரம் ஐடிலில் விடாமல் அணைத்து, எஞ்சின் ஆறியபின் கழற்றிப் பாருங்கள். முனை இளம்பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் எரிப்பு சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. கரி பிசுபிசுப்பாக, எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அது வேறு நோய், அதற்கு டியூனிங் மருந்தல்ல. வெளுத்துப் போயிருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தால் பிளக்கை மாற்றிவிடுங்கள். கையேட்டில் உள்ள எண் கொண்ட பிளக்கைத்தான் வாங்க வேண்டும்.

பிளக்கில் காய்ந்த கரி, சைலன்சர் வாயில் கரி, சோக் சரி, ஃபில்டர் சரி. இத்தனையும் உறுதியான பிறகுதான் கார்புரேட்டர். ஃப்ளோட் மட்டம், தேய்ந்த ஊசி, வேறு அளவில் மாற்றப்பட்ட ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) இவற்றை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். ஏர் ஸ்குரூவைத் தொடும் முன் ஒன்றை மட்டும் வற்புறுத்துங்கள்: இப்போது எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று மெல்ல உள்ளே திருப்பி எண்ணி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பலன் இல்லையென்றால் பழைய இடத்துக்குத் திரும்ப அந்த எண் தேவை. ஏர் ஸ்குரூ பெரும்பாலும் ஐடிலையும் குறைந்த திறப்பையும்தான் ஆள்கிறது. ஓடும் வேகத்தில் 12 கிலோமீட்டர் மைலேஜ் விழுந்ததற்கு அது மட்டும் காரணமாக இருப்பது அரிது.

ஃப்யூல் இஞ்செக்‌ஷன் வண்டியில் திருப்ப ஸ்குரூ கிடையாது; சென்சார்கள் சொல்வதைக் கேட்டு இசியு என்ற சிறு கணினி பெட்ரோலை அளந்து ஊற்றுகிறது. சாவி போட்டதும் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறுக் குறி பதிவாகியிருக்கிறது. கருவி வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். வெப்பம் அளக்கும் சென்சார் தவறினால், சூடான எஞ்சினைக் குளிர்ந்ததாக எண்ணி இசியு கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். சைலன்சரில் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால், இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் கசிந்தாலும் இதே விளைவு: வெளிக்காற்று உள்ளே புகுந்து, "பெட்ரோல் போதவில்லை" என்று சென்சாரைச் சொல்லவைக்கும். சைலன்சரைக் கழற்றி மாட்டிய பிறகு மைலேஜ் விழுந்தால் அந்த இணைப்பை முதலில் பாருங்கள். விளக்கு எரியாததால் மட்டும் சென்சார் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஓடும்போது கருவியில் வெப்ப அளவு உயர்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம்.

பட்டறையில் எப்படிச் சொல்வது

"மைலேஜ் இல்லை" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் ஊகிக்கத்தான் முடியும். "பின் சக்கரம் பங்க்சர் போட்ட பிறகு 60இலிருந்து 48ஆக விழுந்தது, இரண்டு முறை டேங்க் நிரப்பி அளந்தேன், காற்றும் செயினும் சரி, உருட்டினால் சீக்கிரம் நிற்கிறது, டிரம் சூடாகிறது" என்று சொன்னால் அவர் நேராக அந்த இடத்துக்குப் போவார். நல்ல மெக்கானிக்குகள் இப்படிப்பட்ட வாடிக்கையாளரை மதிக்கிறார்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றச் சொல்லுங்கள். பிளக், ஃபில்டர், ஆயில், கார்புரேட்டர் சுத்தம், பிரேக் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டால் மைலேஜ் திரும்பினாலும் எது காரணம் என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி எல்லாவற்றுக்கும் பணம் கொடுப்பீர்கள். பாதுகாப்பு தொடர்பான பிரேக், டயர், கசிவு மூன்றும் விதிவிலக்கு. அவற்றை உடனே சரிசெய்யுங்கள்.

திருத்திய பிறகு அதே சாலையில் உருட்டிப் பாருங்கள், பிறகு அதே பங்க்கில் விளிம்பு வரை நிரப்பி 250 கிலோமீட்டர் ஓட்டி அளவெடுங்கள். மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் எண் ஏறவில்லை, வண்டியும் பல பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியது என்றால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளியை அளந்து, பிறகு சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினைத் திறக்க ஒப்புக்கொள்ளும் முன் அந்த இரண்டு அளவுகளையும் எழுதி வாங்குங்கள்.